பிளஸ் டூ முடித்தாயிற்று, அடுத்து என்ன படிக்கலாம்? மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரிசல்ட் வந்த நாளிலிருந்து கவுன்சிலிங் முடியும் வரை அரசுப் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். தமிழ்நாட்டில், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். கட்டணமும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிசல்ட் வந்த மறுநாளே ஒரு கல்லூரியிலிருந்து போன் வந்தது. "இன்றைக்கே அட்வான்ஸ் கட்டுங்கள், நாளைக்கு சீட்டு இருக்காது" என்கிறார்கள். கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள். தனியார் பொறியியல் கல்லூரிகளில் சிறுபான்மை அல்லாதவை 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். அந்த இடங்கள் கவுன்சிலிங்கில்தான், அதாவது அரசு நடத்தும் தரவரிசைக் கலந்தாய்வில்தான், நிரப்பப்படும். போனில் விற்பது மீதியுள்ள மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடங்கள். அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவு உங்கள் பிள்ளைக்குக் கவுன்சிலிங்கில் கிடைக்கக்கூடும். அப்படிக் கிடைத்தால் கட்டணமும் குறைவு, முதல் பட்டதாரிச் சலுகையும் உண்டு.

ரிசல்ட்டுக்கும் கவுன்சிலிங்குக்கும் இடையில் வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. நான் பார்த்தவரை தவறான முடிவுகளில் பெரும்பாலானவை ரிசல்ட் வந்த முதல் இரண்டு வாரத்தில், யாரோ அவசரப்படுத்தி எடுத்தவை. ஏஜென்ட் சொல்லும் "கடைசி சீட்டு" ஆகஸ்ட் மாதத்திலும் இருக்கும்.

இன்னொன்று. ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-இலேயே அறிவித்திருக்கிறது. ஒரிஜினலைக் கொடுத்துவிட்டுக் கவுன்சிலிங்குக்குப் போக முடியாமல் தவிக்கும் குடும்பங்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

கட்-ஆஃப் எப்படிக் கணக்கிடுவது? போன வருட கட்-ஆஃபை நம்பலாமா?

பொறியியலுக்குக் கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, ஆக 200. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 84 எடுத்திருந்தால் 92 + 44 + 42 = 178. தமிழ், ஆங்கில மதிப்பெண் இதில் சேராது. நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து கிடையாது.

போன வருட கட்-ஆஃபைப் பாருங்கள், ஆனால் அதையே பிடித்துக்கொள்ளாதீர்கள். கணிதத்தில் சென்டம் எடுத்தவர்கள் கூடினால் கட்-ஆஃப் ஏறும். வினாத்தாள் கடினமாக இருந்தால் இறங்கும். தரவரிசை எண் அவ்வளவாக ஏமாற்றாது. உங்கள் ரேங்க் வந்ததும், போன வருடம் அந்த ரேங்க்கை ஒட்டியிருந்தவர்களுக்கு எந்தக் கல்லூரியில் என்ன கிடைத்தது என்று பாருங்கள். உங்கள் சமூகப் பிரிவுத் தரவரிசையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தனித் தரவரிசை உண்டு. அவர்கள் பொதுப் பிரிவிலும் போட்டியிடலாம்.

விருப்பப் பட்டியலில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது? கிடைக்காததை மேலே போட்டால் மற்றதும் போய்விடுமா?

போகாது. இந்த ஒரு பயத்தால் நல்ல இடத்தை இழந்தவர்கள் நிறைய, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கணினி உங்கள் ரேங்க் வரிசை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் விருப்பத்தில் இடம் இருந்தால் தரும், இல்லாவிட்டால் இரண்டாவதைப் பார்க்கும், அதுவும் இல்லாவிட்டால் மூன்றாவது. முதல் விருப்பம் கிடைக்கவில்லை என்பதற்காக இரண்டாவது விருப்பத்தில் உங்கள் இடம் பின்னுக்குத் தள்ளப்படாது. ஆகவே "கிடைக்குமா" என்ற கணக்கில் வரிசைப்படுத்தாதீர்கள், "வேண்டுமா" என்ற கணக்கில் வரிசைப்படுத்துங்கள். உண்மையிலேயே ஆசைப்படுவது மேலே. கைக்கு எட்டக்கூடியவை நடுவில். வேறு எதுவும் கிடைக்காவிட்டாலும் மனக்குறை இல்லாமல் சேரக்கூடியவை கீழே. கிடைத்தாலும் சேர மாட்டீர்கள் என்ற கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் கல்லூரிக் குறியீட்டு எண், அடுத்து பாடப்பிரிவு, அடுத்து வீட்டிலிருந்து பஸ்ஸா ஹாஸ்டலா, கடைசியில் போன வருடம் இடம் நிறைந்தபோது இருந்த ரேங்க். ஒரே பெயர்ச் சாயலில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். நோட்டில் வரிசையை முடிவு செய்துவிட்டு, ஒருவர் உரக்கப் படிக்க இன்னொருவர் கணினியில் பதிவு செய்யுங்கள். பதிவை பிரவுசிங் சென்டர்காரரிடம் விட்டுவிட வேண்டாம். பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் உங்களிடமே இருக்கட்டும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு சில வழிகள் தருவார்கள். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம், கிடைத்ததை வைத்துக்கொண்டே பட்டியலில் அதற்கு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம், கிடைத்ததை வேண்டாம் என்றுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், விலகிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வழி பாதுகாப்பானது. மேலே உள்ள இடம் வந்துவிட்டால் பழைய இடம் தானாகப் போய்விடும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பதில் சொல்ல வழக்கமாக இரண்டு நாள்தான் கெடு. அந்த நாட்களில் ஊருக்குப் போகிறேன், போனில் சார்ஜ் இல்லை என்று இருந்துவிடாதீர்கள்.

கல்லூரி முக்கியமா, பாடப்பிரிவு முக்கியமா?

அண்ணா பல்கலைக்கழக வளாகக் கல்லூரிகள், அரசுப் பொறியியல் கல்லூரிகள், நெடுநாளாகப் பெயர் எடுத்த அரசு உதவி பெறும் கல்லூரிகள் என்றால் நான் கல்லூரியின் பக்கம். அங்கே லேப் இருக்கும், ஆசிரியர் இருப்பார், எந்தப் பிரிவில் படித்தாலும் கம்பெனிகள் வளாகத்துக்கே வரும். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரியில் அச்சு மற்றும் பேக்கேஜிங் தொழில்நுட்பம் இருக்கிறது. பக்கத்திலேயே அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல், செராமிக், ஜவுளித் தொழில்நுட்பங்கள் இருக்கின்றன. பெயர் புதிதாக இருக்கிறது என்பதற்காகவே பலர் இவற்றைத் தாண்டிப் போகிறார்கள். ஆம்பூர் தோல், திருப்பூர் பனியன், சிவகாசி அச்சகம் என்று இவற்றுக்கான தொழில்கள் நம் மாநிலத்திலேயே நடக்கின்றன.

அந்த வரிசைக்குக் கீழே வந்துவிட்டால் பாடப்பிரிவையும் தூரத்தையும் சேர்த்துப் பாருங்கள். சேருமுன் ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். அட்மிஷன் அலுவலகத்தில் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். அதோடு திரும்பிவிடாமல் மாலையில் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் பேசுங்கள். "போன செமஸ்டரில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள்? அரியர் இல்லாதவர்கள் வகுப்பில் எத்தனை பேர்? லேப் தினமும் திறந்திருக்குமா?" இந்த மூன்று கேள்விக்குக் கிடைக்கும் பதில் பளபளப்பான பிராஸ்பெக்டஸில் இருக்காது.

பி.இ.யா பி.டெக்.கா என்று பலர் குழம்புகிறார்கள். வேலைக்கும் மேற்படிப்புக்கும் இரண்டும் ஒன்றே.

ஏ.ஐ. அண்டு டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று புதுப்புதுப் பெயர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸைவிட இவை நல்லதா?

பெயரை மறந்துவிட்டு இரண்டின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். அண்ணா பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதல் ஆண்டு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். மூன்றாம் செமஸ்டரில் இரண்டிலுமே டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் வரும். வித்தியாசம் அதற்குப் பிறகுதான், அதுவும் சில தாள்களில்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் விருப்பப் பாடமாக ஏ.ஐ. எடுக்கலாம். ஆகவே அடிப்படையை நன்றாகச் சொல்லித் தரும் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸோ ஐ.டி.யோ கிடைத்தால், ஆசிரியரே போதாத கல்லூரியில் புதுப் பெயருக்காகப் போக வேண்டாம்.

கணிதம் பிடிக்காதவர்கள், நான்கு ஆண்டு நாள் முழுக்கத் திரையைப் பார்த்துத் தவறு தேடும் பொறுமை இல்லாதவர்கள், "எல்லாரும் எடுக்கிறார்கள்" என்பதற்காக மட்டும் இதில் சேராதீர்கள்.

மெக்கானிக்கல், சிவிலுக்கு இனி வேலையே இல்லை என்கிறார்களே?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் ஒரு முறை போய் வந்தால் இந்தக் கேள்வி எழாது. கார், பைக், செல்போன் எல்லாம் அங்கே செய்கிறார்கள். கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார். தொடக்கச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவாக இருப்பதும், ஷிப்ட் வேலை இருப்பதும் உண்மைதான். ஆனால் டிராயிங் படிக்கத் தெரிந்தவருக்கு, ஒரு டிசைன் சாஃப்ட்வேரில் கை பழகியவருக்கு, ஐந்தாம் ஆண்டில் நிலைமை மாறும். எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட்டில் நல்ல மதிப்பெண் வாங்கினால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் எம்.டெக். படிக்கலாம், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பொதுத்துறை நிறுவனங்கள் சிலவும் அந்த மதிப்பெண்ணை வைத்தே ஆள் எடுக்கின்றன.

எனக்குக் கணிதமும் இயற்பியலும்தான் பிடிக்கும். என்ஜினீயரிங் வேண்டாம். பி.எஸ்சி. படித்தால் ஆசிரியர் வேலை மட்டும்தானா?

இப்படிக் கேட்கும் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிலேயே மிகச் சிறந்த படிப்புகளில் ஒன்று, சேர்க்கை அவர்களே நடத்தும் தேர்வு வழியாக. திருப்பதி, திருவனந்தபுரம் உள்பட ஏழு இடங்களில் ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன, ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ்., அதற்கும் தனித் தேர்வு. இந்த விண்ணப்பங்கள் எல்லாம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். அதனால் பிளஸ் டூவில் காலெடுத்து வைத்திருப்பவர்கள் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

அதைத் தவறவிட்டாலும் வழி உண்டு. ஊரில் உள்ள அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. படித்துவிட்டு ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம், வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பாடம் எளிதல்ல, வாரந்தோறும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

காமர்ஸ் குரூப். பி.காம். சி.ஏ. எடுத்தால் ஆடிட்டர் ஆகலாமா?

பி.காம். சி.ஏ. என்பது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ.வை நடத்துவது இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம். பவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று கட்டத் தேர்வும், ஆடிட்டரிடம் இரண்டாண்டுப் பயிற்சியும். மாலையில் சி.ஏ.வுக்குப் படித்தபடி பி.காம். முடிப்பவர்கள் நிறைய. பி.காம்.-இல் 55 சதவீதம் எடுத்தால் பவுண்டேஷன் எழுதாமலே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். தேர்ச்சி விகிதம் குறைவு, பலர் நாலைந்து முறை எழுதுகிறார்கள். என்ஜினீயரிங் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. விடாப்பிடி உள்ள ஏழைப் பிள்ளைக்கு இதைவிட நல்ல படிப்பு சிலவே.

பயாலஜி குரூப். நீட்டில் மார்க் வரவில்லை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க வைக்கலாமா?

நிலத்தை விற்குமுன் விதிகளைப் படியுங்கள். வெளிநாட்டில் படிக்கவும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிப்படி அங்கே படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி. திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வு. பிறகு இந்தியாவில் இன்னும் 12 மாதம் பயிற்சி. இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. ஏஜென்ட் காட்டும் கல்லூரி இவை எல்லாவற்றையும் எழுத்தில் தருகிறதா என்று கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

நீட் இல்லாமலே தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., ரேடியாலஜி போன்ற படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேரலாம். மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவமும் அப்படித்தான். அதை முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்றே போட்டுக்கொள்ளலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகப் படிப்புகளும் நல்ல தேர்வு. நர்சிங்குக்கு ஒரு எச்சரிக்கை: தெருமுனைகளில் "ஆறு மாத நர்சிங்" என்று போர்டு மாட்டியிருப்பவை நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய உதவாது.

அப்பா என்ஜினீயரிங் என்கிறார். எனக்கு வரலாறுதான் ஆசை. அரசு வேலைக்கு உதவுமா?

உதவும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும், குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் கட்டாயம். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிகளுக்கு அந்தப் பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். இந்த ஒரு தகவல் தெரியாமல், "இங்கிலீஷ் மீடியம் கௌரவம்" என்று மாறி அந்த உரிமையை விட்டவர்கள் பலர்.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். மூன்றாண்டுக்கு அரசுக் கலைக் கல்லூரியில் ஆகும் செலவு, நான்காண்டுக்குத் தனியார் பொறியியல் கல்லூரியில் ஆகும் செலவு, இரண்டையும் ஒரே தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். தொல்லியலில் ஆர்வம் இருந்தால் மாநிலத் தொல்லியல் துறையே முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது என்பதையும் சொல்லுங்கள். கீழடிக்குப் பிறகு அந்தத் துறை என்ன செய்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

கட்டணத்துக்கு என்ன செய்வது? கடன் வாங்கலாமா?

முதலில் உரிமையாக வருவதை வாங்குங்கள். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் (குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்). 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பொறியியல், டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஆனால் எல்லாருக்கும் கிடைப்பதில்லை, மதிப்பெண் அடிப்படையில் தேர்வு.

அதன்பிறகும் பற்றாக்குறை என்றால் வங்கிக் கடன். வட்டிக்கு விடுபவரிடம் போகவே வேண்டாம். வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை வேண்டியதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். திருப்பிக் கட்டும்போது 5 லட்சம் நின்றால், 10 சதவீத வட்டியில் பத்தாண்டுக்கு மாதம் சுமார் 6,600 ரூபாய். 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போகும். இந்தக் கணக்கைப் பிள்ளையே போடட்டும், கையெழுத்து அதன் பிறகு.

தமிழ் மீடியம். கல்லூரியில் எல்லாம் இங்கிலீஷில் நடத்துவார்களே?

ஆமாம், முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்கு ஜூன், ஜூலை மாதங்களைப் பயன்படுத்துங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். மாநிலப் பாடநூல் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசம். பிளஸ் ஒன் கணிதத்தில் வகைநுண்கணித அத்தியாயத்தை எடுங்கள். தமிழ்ப் புத்தகம் இடது பக்கம், ஆங்கிலப் புத்தகம் வலது பக்கம். அதே எடுத்துக்காட்டு, அதே படம், அதே எண்கள். கணக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். "சார்பு" என்பதை அங்கே "ஃபங்ஷன்" என்பார்கள், "வகையிடல்" என்பது "டிஃபரன்சியேஷன்". ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். இயற்பியலையும் இப்படியே செய்தால் கல்லூரி திறக்கும்போது வகுப்பில் காதில் விழுவது பாதிக்கு மேல் புரியும்.

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போனால் படிப்பு அதோடு நின்றுவிடுமா?

நிற்காது. ஐ.டி.ஐ. முடித்தவரும் பிளஸ் டூ முடித்தவரும் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. போன்றவை ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கின்றன.

ஒரு பாடத்தில் ஃபெயில். ஒரு வருடம் வீணா?

வீணாகாது. பிளஸ் டூ துணைத்தேர்வு ஜூன், ஜூலையிலேயே நடந்துவிடும். அதில் தேறினால் இந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம். பொறியியலில் அவர்களுக்காகவே துணைக் கலந்தாய்வு இருக்கிறது, கலைக் கல்லூரிகளிலும் இடம் மீதி இருக்கும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: ரிசல்ட் வந்த வாரத்தில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பேசாதீர்கள். சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் 104 அல்லது 14416 எண்ணுக்கு அழைத்தால் மனநல ஆலோசகர் பேசுவார், கட்டணம் இல்லை. துணைத்தேர்வு விண்ணப்பம் ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே தொடங்கி முடிந்துவிடும், உடனே பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள்.